இரண்டு பட்டை கட்டிய கை

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் நலம், அப்பாவின் இருமல்கூடக் கொஞ்சம் இறங்கிவிட்டது. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுவது உன் தங்கை. பார்சல் கிடங்கில் எங்கள் வேகத்தைப் பார்க்கக் கையில் கட்டிவிடும் பட்டை உரசி என் மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, பேனா பிடிக்க முடியவில்லை, பயப்படாதே.

பத்திரிகைக்குக் கொடுத்திருப்பதாக நீ அனுப்பிய கதையைத் தங்கை முழுக்கப் படித்துக் காட்டினாள். இருநூறு வருஷத்துக்கு அப்புறம் ஒரு நகரம், கோபுரத்துக்குள் ஒரு இயந்திர மூளை, அது சொன்னபடி ஓடும் தொழிலாளர்கள். "இருநூறு வருஷம் எதுக்கு, பஸ் ஏறினா அரை மணியில உங்கம்மா கிடங்கு வந்துடும்" என்று அப்பா சிரித்தார். உன் கதையில் வரும் மூளை தன்பாட்டுக்குக் கெட்டதாக இருக்கிறது. எங்கள் பட்டைக்கு அப்படிக் கெட்ட புத்தியெல்லாம் இல்லை, நடை தளர்ந்தால் சிவப்பாக மின்னும், அவ்வளவுதான். எவ்வளவு வேகம் வேண்டும் என்று முடிவு செய்தது முதலாளி, அவரைக் கதையில் காணவே காணோம். செருப்பு நாளைக்கே வந்தாக வேண்டும் என்று ஆர்டர் போடும் உன்னை மாதிரி ஆட்களையும் காணோம், கோபித்துக்கொள்ளாதே.

இப்போது முக்கியமான விஷயம். முட்டி வலிக்காரியான எங்கள் கிடங்குப் பெரியக்காவைப் பெட்டி அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து லேபிள் ஒட்டச் சொல்லிவிட்டு, அவள் பட்டையையும் நாங்கள் முறைபோட்டுக் கட்டிக்கொண்டு நடப்பதைப் போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னேனே, அதை அப்படியே கதையில் வைத்துவிட்டாய். எங்கள் சூப்பர்வைசர் அந்தப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிக்கிறவர். அவர் கண்ணில் பட்டால் அவளுக்கு வேலை போய்விடும், அந்த வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். அந்த இடத்தை எடுத்துவிடு. "கதையிலேயே நல்ல இடம் அதுதாம்மா, அங்க மட்டும்தான் மனுஷங்க மனுஷங்களா இருக்காங்க" என்று தங்கை எழுதுவதை நிறுத்திவிட்டுச் சண்டைக்கு வந்தாள். எனக்குத் தெரியாதா, அந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேனே. முந்தாநாளே பெரியக்காவிடம் இதைச் சொன்னேன், "என் முட்டி பத்திரிகைல வருதா, போட்டோவும் போடச் சொல்லுடி" என்று கிண்டலடித்தாள். ஆனால் அன்று முழுக்கப் பட்டையை யாரிடமும் கழற்றிக் கொடுக்கவில்லை, அவளே நடந்தாள்.

ஆசிரியருக்கு இன்றே எழுதிவிடு, மறக்காதே. உன் கதை நடக்க இன்னும் இருநூறு வருஷம் இருக்கிறதே, அதற்குள் அவள் வேலையை விட்டு உட்கார்ந்திருப்பாள், அப்போது சேர்த்துக்கொள். நோய்நொடி இல்லாமல் பேரும் புகழுமாய் இரு.

உன்
அம்மா

(அண்ணா, அம்மா சொல்வது சரி, எடுத்துவிடு. நீ அனுப்பிய பிரதியில் அந்தப் பக்கம் மட்டும் என் புத்தகத்துக்குள் இருக்கும். தங்கை.)