பெண் பார்க்க வந்த போதக மாணவர்

1961 ஜூலை 16, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் தஞ்சாவூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை எங்கள் லுத்தரன் சபையில் போதகராவதற்குப் படிக்கிறவர். எங்கள் ஊரான இந்தக் காட்டூரில் எங்களுக்கு உறவு அதிகமில்லை; குறை சொல்ல ஆளில்லாததால் எங்கள் இருவரையும் கிணற்றடியில் தனியாகப் பேச விட்டார்கள்.

"சபை வேலைன்னா உங்களுக்குப் பிடிக்குமா?" என்று கேட்டார்.

"ரொம்பப் பிடிக்குங்க. ஊழியப் பயிற்சிக்குப் போகணும்னு ஆசை. அப்பாகிட்ட கேக்கத்தான் பயம்."

அவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். "எனக்குப் பிடிக்கலைங்க. நான் பொறந்தப்பவே அப்பா ஊழியத்துக்குன்னு கடவுள்கிட்ட பொருத்தனை பண்ணி என்னை நேர்ந்துவிட்டுட்டாங்க. பிரசங்கம் பண்ண நின்னா பொய் சொல்ற மாதிரி இருக்கு."

எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. "அதை உங்க அப்பாகிட்டயே சொல்லிடுங்க" என்றேன்.

எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டார். அவருடைய அப்பா டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். திட்டவில்லை. மகன் தோளில் கைபோட்டு வெளியே அழைத்துப்போனார். சம்பந்தம் அதோடு நின்றது. அம்மா அழுதபடியே படுத்துவிட்டார்கள்.

அவருக்கு எவ்வளவு சுலபமாக யோசனை சொன்னேன்!

கூடத்தில் அப்பா இருமுகிற சத்தம் கேட்கிறது. இன்னும் தூங்கவில்லை. இந்த டைரியை மூடிவைத்துவிட்டுப் போய், ஊழியப் பயிற்சிக்கு அனுப்புவாரா என்று கேட்கப்போகிறேன்.