ஐஸில் கிடந்த கை

ஜூன் 9, திங்கள்
விடாத மழை. ஷெட்டில் ஏழு கூடை இறால் உரித்தேன், எல்லாரையும்விட அதிகம். ஐஸில் கிடக்கும்வரை விரல் சொன்னபடி கேட்கிறது. வீட்டுக்கு வந்து தலை பின்னக் கையைத் தூக்கினால் மூன்றாம் பின்னலில் தொப்பென்று விழுகிறது. சீப்பு கட்டிலுக்கு அடியில்.

மாமி, என் காதில் விழட்டும் என்றே மகனிடம்: "ஷெட்டுல நாலாள் வேலை. வீட்டுல சீப்பு தூக்க ஏலாதாம். எல்லாம் அடவாக்கும், வெறும் நடிப்பு."

அவர் சாயாவை ஊதிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷமாக இதே பாட்டு.

கை விழுகிறது. மீதி நாளை.

ஜூன் 12, வியாழன்
நரம்பு டெஸ்ட். காலை வேலை முடித்து, ஆட்டோவில் நனைந்தபடி நேரே ஆஸ்பத்திரி. ஏசி அறை, நடுக்கம். மணிக்கட்டில் ஒயர் ஒட்டி, ஒரே நரம்பில் விட்டு விட்டுப் பத்து ஷாக். ஒவ்வொன்றுக்கும் சுண்டுவிரல் தானாகத் துள்ளியது. ஸ்கிரீனில் பத்துக் கோடும் ஒரே உயரம். நார்மல்.

தோப்பும்படிப் பாலம் தாண்டும்போது, கூட வந்த அவர்: "மெஷின் பொய் சொல்லுமா, ஜமீலா?"

அப்படியானால் பொய் சொல்வது நான்.

ஜூன் 14, சனி
பக்கத்து வீட்டு ஷைலாவிடம் கத்தரிக்கோலைக் கொடுத்துக் கழுத்தோடு வெட்டச் சொன்னேன். "இத்ர நல்ல முடி, சேச்சி!" அழுதது அவள்தான். பின்ன ஏலாது, பின்னிவிட ஆளில்லை. எதற்கு வைத்துக்கொள்ள?

கடையில் வாங்க: வெங்காயம், பினாயில், குடைக்கம்பி.

ஜூன் 19, வியாழன்
இப்போது இமையும் இறங்குகிறது. தேவராவில் வேறு டாக்டர், பெண். ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு என் கையைத் தொட்டார். "அன்னைக்கு ஐஸ்ல வேலை பாத்துட்டா போனீங்க?"

ஆமாம். அங்கே யாரும் கேட்கவில்லையே. குளிர்ந்த கையில் இந்த நோய் ஒளிந்துகொள்ளுமாம். சூடாக்கிப் பார்த்தால்தான் பிடிபடும்.

ஜூன் 23, திங்கள்
லீவு. கையில் வெந்நீர்ப் பை, அரை மணி. மறுபடி ஷாக். முதல் கோடு உயரம். இரண்டாவது குட்டை. நான்காவது பாதிகூட இல்லை. டெக்னீஷியன் பெண் ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பினாள்: "கண்டோ சேட்டா? நரம்பு சொல்லிட்டேதான் இருக்கு. மசிலுக்குக் கேக்கல."

மாத்திரை உண்டாம். சந்தோஷப்பட வேண்டிய நாள். முடியவில்லை. என் வாய்ச்சொல்லை இரண்டு வருஷம் நம்பாதவர், நாலு கோட்டை ஒரு நிமிஷத்தில் நம்பிவிட்டார்.

ஜூன் 24, செவ்வாய்
வெயில், அதிசயம். வாசலில் மாமி, போகிறவர் வருகிறவரிடமெல்லாம்: "பாவம், எங்க புள்ளைக்கு நோவு." அடவு எங்கே போயிற்றோ.

சாயா குடித்துவிட்டு அவர் என் பின்னால் வந்து நின்றார். கையில் சீப்பு. "உக்காரு. நான் பின்னி விடறேன்."

முக்காடு போட்டிருந்த தட்டத்தைத் தலையிலிருந்து இறக்கினேன். முடி வெட்டிப் பத்து நாள் ஆகிறது.