வெயில் வளர்க்காத பாசி

ஜனவரி 12, 2025, ஞாயிறு

என் மகள் ஜாஸ்மிக்குக் கால் முழுக்கத் தடித்திருக்கிறது. ஆற்றுக் கடவில் குளித்துவிட்டு வந்த பிறகுதான். படிக்கல்லில் கரும்பச்சைப் பாசி, வழுவழுவென்று. கிளறினால் அழுகின முட்டை நாற்றம். ஆற்றோட்டத்தில் சற்று மேலே ஞானதாசனின் ரப்பர் ஷீட் ஷெட். ரப்பர் பாலை ஆசிட் விட்டு உறையவைத்து, மிஞ்சுகிற தண்ணீரை அப்படியே ஆற்றில் விடுகிறார். எங்கள் சபை மூப்பர் வேறு. ஆராதனை முடிந்ததும் கேட்டேன்.

“வெயிலுக்குப் பாசி பிடிச்சதாக்கும், டீச்சரே.”

தாவரவியல் நடத்துகிற என்னிடம் இதைச் சொல்கிறார்.

பிப்ரவரி 20

நவம்பரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நான் கொடுத்த புகாருக்கு இன்றுதான் தண்ணீர் எடுக்க வந்தார்கள். ரப்பர் இலையெல்லாம் உதிர்ந்து, பால்வெட்டு நின்று, ஷெட் பூட்டிக் கிடக்கும்போது! ஞானதாசனே கடவுவரை கூட்டிப்போய், இளநீரும் வெட்டிக் கொடுத்தார்.

மார்ச் 16

ஆறு முழங்காலளவுக்கு வற்றிவிட்டது. கல் சுடுகிறது. வெயிலால்தான் என்றால் இப்போதல்லவா பாசி மூடியிருக்க வேண்டும்? கல் சுத்தமாகத் தெரிகிறது. ஓரத்தில் நூல் நூலாகக் கொஞ்சம் பச்சை. அது எந்த ஆற்றிலும் இருப்பது. மீன்குஞ்சுகள்கூட வந்திருக்கின்றன. ஆக, அந்தப் பாசிக்கு வெயில் ஒரு பொருட்டில்லை. பால்வெட்டு இருந்தால் வரும், நின்றால் போகும்.

மார்ச் 28

தண்ணீர்ச் சோதனை முடிவு வந்துவிட்டது. நல்ல தண்ணீராம். அதை ஞானதாசன் போட்டோ எடுத்து சபை வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார். கீழே வரிசையாகக் கைகூப்புகள்.

ஏப்ரல் 24

பால்வெட்டு தொடங்கியாச்சு. வழுவழுப்பும் வந்தாச்சு.

ஏப்ரல் 27, ஞாயிறு

வருஷா வருஷம் ஞானஸ்நானம் எங்கள் கடவில்தான். இந்த முறை ஷெட்டுக்கு மேலே, பாறைக்கயம் என்கிற மடுவில் என்று ஞானதாசன் அறிவிக்கிறார். இந்த வருஷம் அவர் மகள் ஷைஜாவும் முழுக்கு எடுக்கிறாள்.

அப்போ தெரிஞ்சேதான் விட்டிருக்காரு. எங்க பிள்ளையோட கால் மட்டும் கால் இல்லியா?

எழுந்து கேட்டேன். “நல்ல தண்ணின்னு போட்டீங்கல்லா, மூப்பரே? பின்ன எதுக்கு மேல போணும்?”

அவர் வேதாகமத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஷைஜா எழுந்தாள்.

“எனக்கும் நம்ம கடவு போதும்ப்பா.”

மே 4, ஞாயிறு

கடவில் பாசி போகும்வரை ஞானஸ்நானத்தைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். ஷெட்டிலிருந்து ஆற்றுக்கு வரும் ஓடையின் வாயை மண்மூட்டைகளால் அடைத்திருக்கிறார்கள். பின்பக்கம் கழிவுத் தண்ணீருக்குக் குழி வெட்டுகிறார்கள். ஷைஜா தினமும் கடவுக்கு வந்து படிக்கல்லைக் கால்விரலால் தடவிப் பார்க்கிறாள்.

“இன்னும் வழுக்குது, டீச்சரே,” என்றாள் இன்று. குழிக்கரையில் நிற்கிற அப்பாவுக்கும் கேட்கிற மாதிரி.