பித்தளைப் படத்துக்குப் பின்னால்

வீடெல்லாம் புளி வாடை. நீங்கள் போன பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சாமி மேடையில் இருந்ததையெல்லாம் இறக்கித் தேய்த்துக்கொண்டிருந்தோம், நானும் நம் மகளும். பித்தளைத் தகடு அடித்த அந்தப் பெரிய சாமி படத்தைக் குழாயடியில் சாய்த்து நான் தேய்க்க, வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று அவள் உங்கள் பாட்டுகளைப் போட்டுவிட்டாள். சமையல்கட்டு ஸ்பீக்கரில் ஒரு பாட்டு முதலிலிருந்து கடைசிவரை நிற்காமல் பாடியது. எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த ஸ்பீக்கர் வைஃபையில் என்றைக்குங்க ஒழுங்காகப் பாடியிருக்கிறது?

துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஹாலுக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று என்று கம்பியில்லா ஸ்பீக்கர்களாக வாங்கி வந்தீர்கள். கிள்ளானில் நம் வரிசையில் யார் வீட்டிலும் அப்படிப் பாட்டு கேட்டிருக்காது. அதோடு விட்டீர்களா? சமைத்துக்கொண்டிருக்கிறவளை இழுத்து வந்து ஹாலில் நிறுத்தி, ஒரே பாட்டை இரண்டு தரம் போடுவீர்கள். "இது புளூடூத், ரெண்டாம் பால். இது வைஃபை, முதல் பால். வித்தியாசம் தெரியுதா?" எனக்கு இரண்டும் தேங்காய்ப் பால்தான் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். தேத்தண்ணி கொடுக்கும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பீர்கள்.

அப்புறம் உங்கள் நெஞ்சில் கத்தி வைத்தார்கள். நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் தங்கை மலேசியாவிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போய் வாங்கி வந்த படம் அது. சாமி மேடையில் வைத்து, இவர் நல்லபடியாக வீடு வரணும், இந்தப் படம் இங்கிருந்து அசையாது என்று வேண்டிக்கொண்டேன். வந்தீர்கள். அதற்குப் பிறகு அதை ஒருவரும் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டமே போட்டுவிட்டேன். உயரமான இடம் என்று இணைய ரவுட்டரும் அதே மேடையில்தான் இருந்தது, படத்துக்குப் பின்னால். அதை நான் நினைத்தும் பார்க்கவில்லை.

மாடி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் மாடி ஸ்பீக்கர் சமையல்கட்டுக்கு வந்தது. கூடவே நீங்களும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தீர்கள். ஹாலில் பாட்டு அருமையாக இருக்கும், இங்கே விக்கல் எடுக்கும். ஹாலுக்குப் போய்க் கேளுங்களேன் என்றால் போக மாட்டீர்கள். போனைத் தட்டிப் பார்த்தீர்கள், கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டீர்கள், ஸ்பீக்கரை அரிசி கொட்டி வைக்கும் தோம்புக்கு மேலே வைத்தீர்கள். ஒரு நாள் திடீரென்று எல்லாவற்றையும் விட்டுவிட்டீர்கள். கையிலிருந்த போனிலிருந்தே புளூடூத்தில் பாட்டைப் போட்டுக்கொண்டு வெங்காயத்தை எடுத்தீர்கள்.

ரெண்டாம் பால் இப்போது இனிக்கிறதா என்று கேலி செய்தேன். "சமையல்கட்டுக்கு இது போதும் லா" என்றீர்கள். மனுஷன் தளர்ந்துவிட்டாரே என்று உள்ளுக்குள் பயந்துபோனேன். அன்று சாயங்காலம் அந்தப் படத்துக்கு முன்னால் இன்னொரு விளக்கு ஏற்றினேன்.

மகள் குழாயடிக்கு வந்தாள். படம் இறங்கியதும் பாட்டு வந்துவிட்டது பார்த்தாயா அம்மா என்றாள். ரவுட்டருக்கு முன்னால் இவ்வளவு பெரிய தகடு நின்றால் சிக்னல் பின்கட்டு வரைக்கும் எப்படி வரும், அப்பாவிடம் அப்போதே சொன்னேனே என்றாள். படத்தை இறக்காமல் ரவுட்டர் பக்கம் கையே போகாது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கிறது.

அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். அவள் குழாயை மூடிவிட்டுச் சொன்னாள்.

"'அம்மா அந்தப் படத்தை நம்பித்தான் ராத்திரி தூங்குறா, கை வைக்காதே'ன்னாரு."

எனக்கு வந்தது கோபம்தாங்க. அழுகை அப்புறம்தான் வந்தது. பாட்டில் ஒரு பொட்டு குறைந்தாலும் பொறுக்காத மனுஷன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் நகர்த்தியிருக்க மாட்டேன், அதுதான் உண்மை. வீட்டை இரண்டாக்கியிருப்பேன். அதுவும் உங்களுக்குத் தெரிந்துதானே வாயை மூடிக்கொண்டீர்கள்.

படத்தைத் துடைத்து, எதிர்ச் சுவரில் ஆணி அடித்து மாட்டச் சொன்னேன். நிஜமாகவா அம்மா என்று மகள் இரண்டு தரம் கேட்டாள். சாமி மேல் எனக்கு வருத்தம் இல்லை. உங்களை வீட்டுக்கு அனுப்பி வைத்ததே, அது போதும்.

இப்போது காலையில் அடுப்பைப் பற்ற வைத்ததும் நானே பாட்டைப் போடுகிறேன், வைஃபையில்தான். அடுத்த அடி எடுப்பதற்கு முன்னால் பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது. எனக்காக நீங்கள் கேட்காமல் விட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வருகிறேன்.