கிரகணத்தன்று என்னை இருட்டறையில் நிறுத்தியவருக்கு

என் அன்புள்ள ஜெபா அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு உங்களிடம் சொல்ல எவ்வளவோ சேர்ந்துவிட்டது. நம் ஜெபா பிள்ளை உண்டாகி, தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள். உங்கள் தொலைநோக்கியைத் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அதையெல்லாம் சொல்ல இப்போது உட்காரவில்லை. நேற்று உங்கள் அக்கா சொன்ன ஒன்றைக் கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நேற்றுச் சாயங்காலம் சந்திர கிரகணம். நிலா உதிக்கும்போதே கிரகணத்தோடு உதித்து, கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும் என்பது கணக்கு. நீங்கள் இருந்திருந்தால் பாளையங்கோட்டையில் பாதிப் பேரை நம் மொட்டை மாடிக்கு இழுத்து வந்து, கிரகணம் விடுவதற்குள் ஆமவடையைத் தின்ன வைத்திருப்பீர்கள். உங்கள் பழக்கத்தை விடக்கூடாது என்று நானும் ஜெபாவும் அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்தோம்.

அக்கா காலையிலேயே சாத்தான்குளத்திலிருந்து வந்து இறங்கிவிட்டார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரியை வெளியே விடக்கூடாது என்று சொல்வதற்கென்றே வந்தவர்கள். நம் குடும்பத்தில் எல்லாரும் ஞானஸ்நானம் வாங்கினார்கள், கிரகணம் மட்டும்தான் வாங்கவில்லை என்று நீங்கள் கேலி செய்வீர்களே, அந்த அக்கா மாறவே இல்லை.

நான் பொறுமையாகத்தான் விளக்கினேன். பூமியின் நிழல் நிலாவில் விழுகிறது, அதற்கும் ஜெபாவின் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். கடைசியில் வழக்கமான என் பெருமையையும் எடுத்து விட்டேன். ஜெபா வயிற்றில் இருந்தபோது வந்த சூரிய கிரகணம். நீங்கள் கல்லூரி மைதானத்தில் படம் பிடித்து அனுப்ப அனுப்ப, நான் அங்கேயே கல்லூரி இருட்டறையில் நின்று படச்சுருளைக் கழுவினேன். அந்தக் கதையைச் சொல்லாமல் நான் ஒரு வருஷமாவது இயற்பியல் பாடத்தைத் தொடங்கியிருப்பேனா?

அக்கா என்னைப் பாவமாகப் பார்த்தார்கள்.

"ஏளா எஸ்தரு, அவன் ஒன்னய எதுக்கு அந்த இருட்டு ரூமுக்குள்ள நிறுத்துனாம்னு நெனச்ச? முந்துன நாளு நான் அவன் கையப் பிடிச்சிக்கிட்டு, புள்ளத்தாச்சிய வெளிய விட்டுராதடேன்னு அழுதேன். அவ கேட்டா சிரிப்பா, சொல்லிராதக்கா, நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னாம்லா."

எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. ஜெபாதான் எட்டி அடுப்பை அணைத்தாள்.

நீங்களா? கிரகணம் விட்டதும் குறுக்குத்துறை ஆற்றுக்குக் குளிக்க ஓடுகிறவர்களை மறித்து நிறுத்திப் பாடம் நடத்திய நீங்களா? அன்றைக்குக் கதவுக்கு வெளியே வந்து வந்து, திறந்துவிடாதே, வெளிச்சம் பட்டுவிடும் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். படச்சுருளைப் பற்றித்தான் கவலை என்று இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தேனே.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கிரகணம் வயிற்றுப் பிள்ளையை ஒன்றும் செய்யாது. ஆனால் காற்றில்லாத அந்த அறையில் படம் கழுவும் மருந்தின் நெடி ஏதாவது செய்திருக்கலாம். இது உங்களுக்குத் தெரியாதா? நிழலுக்குப் பயந்து, என்னைக் கொண்டுபோய் அமில வாளிக்குப் பக்கத்தில் நிறுத்தினீர்களே, எந்த ஊர் விஞ்ஞானி ஐயா நீங்கள்?

கோபம் கொஞ்சம் அடங்கிய பிறகுதான் நம் முதல் பிள்ளையின் நினைவு வந்தது. அது தங்காமல் போன அன்று ஆஸ்பத்திரியில் என் கட்டிலருகே உட்கார்ந்து, இது நிறையப் பேருக்கு நடக்கிறதுதான், யார் மேலும் தப்பில்லை என்று பாடம் சொல்வது போலச் சொன்னீர்கள். உங்களுக்கு வலிக்கவே இல்லையோ என்று நான் நினைத்தேன். அடுத்த பிள்ளையும் போய்விடுமோ என்ற பயத்தை நீங்கள் தனியாகச் சுமந்துகொண்டு வந்திருக்கிறீர்கள்.

ஜெபா எங்கள் இருவரையும் பார்த்தாள். "அப்பா பயந்தா பயந்துட்டுப் போறாங்க. நெலா வந்துரும், வாங்கம்மா" என்று வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டாள். நான் பின்னாலேயே போனேன். அக்கா படியோடு நின்றுவிட்டார்கள்.

கிழக்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மங்கலாக வந்தது நிலா, ஒரு பக்கம் கடித்த வடையைப் போல. ஜெபா சிரித்தாள். தின்றாள். நான் அவளை ஒட்டி நின்று, நிழல் விலகுவதை விளக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் அவள் பேச்சை நிறுத்தச் சொல்லிக் கீழே கை காட்டினாள்.

என் முந்தானை அவள் வயிற்றை மூடிக்கொண்டிருந்தது. என் கைதான் அதைப் பிடித்திருந்தது. எப்போது போர்த்தினேன்? சத்தியமாக எனக்குத் தெரியாது.

அப்போதுதான் அந்த இருட்டறை நாள் முழுசாக ஞாபகம் வந்தது. நீ இருட்டறையைப் பார்த்துக்கொள் என்று நீங்கள் சொன்னதும், அப்பாடா என்று இருந்தது எனக்கு. எனக்கும் பயம்தான். நீங்கள் சிரிப்பீர்களே என்று நான் வாயைத் திறக்கவில்லை. நான் சிரிப்பேனே என்று நீங்கள் திறக்கவில்லை. ஒரே கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றிருக்கிறோம்.

பிள்ளை பிறந்து விவரம் தெரிந்ததும் உங்கள் தொலைநோக்கியில் நிலாவைக் காட்டுவேன். கிரகணத்தன்று வடையும் கொடுப்பேன். தாத்தாவும் ஆச்சியும் பயந்த கதையை ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். பிள்ளைக்கும் பயமாக இருந்தால் என்னிடம் வந்து சொல்லட்டும். நான் சிரிக்க மாட்டேன்.

அன்றைக்கு நீங்கள் சொல்லியிருந்தாலும் சிரித்திருக்க மாட்டேன்,
உங்கள் மனைவி,
ஜெபாவின் அம்மா எஸ்தர்