உங்கள் பிளேபுக்கை மாற்றிவிட்டேன், சார்

அன்பு மாறாத சாருக்கு,

ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட 'சார்' இது. இப்போது வேறு மாதிரி கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நீங்கள் திரும்பாமல் போய்விடுவீர்கள்.

நான் நலம். முட்டிவலி பரவாயில்லை. ஒரு காரியம் மட்டும் உங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன். வீடியோ கேமில் உங்கள் பிளேபுக்கை மாற்றிவிட்டேன். கோபப்படாமல் முழுவதும் கேளுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நம் மகள் ஜெசிந்தா அமெரிக்காவிலிருந்து அனுப்பிய விளையாட்டு அது. ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்ததும் நீங்கள் இங்கே, அவள் அங்கே, நடுவில் போன். பேர்தான் கால்பந்து, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் ஓடுகிறார்கள்; ஓடுகிறவனை எதிராளிகள் விழத்தட்டி நிறுத்துவார்கள். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். யார் எங்கே நிற்பது, யார் ஓடுவது, யாருக்கு வீசுவது என்று வகுத்துவைத்த திட்டங்களின் தொகுப்புதான் பிளேபுக். பல தொகுப்புகள் உண்டு. ஆட்டத்துக்கு முன் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நீங்கள் எடுத்தது ஓட்டத் தொகுப்பு. அதிலும் வலது ஓரமாக ஓடும் திட்டத்தைத்தான் திரும்பத் திரும்பப் போடுவீர்கள். "வீசுனா யாரு கைக்குப் போகுமோ தெரியாது மேரி. ஓடுனா கொஞ்சமாச்சும் மிஞ்சும்" என்பீர்கள். வத்தலக்குண்டு பஸ்ஸில் உங்கள் ஜன்னல் சீட்டில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால், அடுத்த பஸ்ஸுக்கு நின்றவர்தானே நீங்கள்?

நீங்கள் கண்மூடிய பிறகு நான் ஆட ஆரம்பித்தேன். வேறு தொகுப்பைத் தொட மனம் வரவில்லை. உங்களுடையதையே வைத்து, நீங்கள் ஓடியபடியே வலது பக்கம் ஓடினேன். ஆச்சரியம் என்னவென்றால், ஜெயித்துக்கொண்டே இருந்தேன். பட்டன் எது என்றே சரியாகத் தெரியாத நான்! ஜெசியோ ஆட்டம் முடிவதற்குள் "வேலை இருக்கும்மா" என்று சொல்ல ஆரம்பித்தாள். ஒரு வாரம் வரவே இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்த ஒரு நேரத்தில்தான் அவள் என்னோடு மனம்விட்டுப் பேசுவாள். ஆட்டம் நின்றால் எங்களுக்குள் மிஞ்சுவது 'சாப்டியா, சாப்டேன்' மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு கேட்டேவிட்டேன். "ஏண்டி, உன் ஆளுக எல்லாம் ஒதுங்கி வழி விட்டு நிக்கிறாங்களே, என்ன விளையாட்டு இது?"

ஆட்டத்தை நிறுத்திவைத்தாள். அப்புறம் சொன்னாள்: "அந்த ஓட்டம் வந்தாலே அப்பாதான் வாராருன்னு தோணுதும்மா. எப்படிம்மா விழத்தட்டுறது?"

சார், நீங்கள் ஓட வேண்டும் என்று நான் ஓட்டினேன். நீங்கள் ஓட வேண்டும் என்று அவள் விட்டாள். இரண்டு பேரும் விளையாடவே இல்லை.

அந்த வாரம் முழுக்க மத்தியானங்களில் உட்கார்ந்து தொகுப்புகளைப் பார்த்தேன். பளபளப்பாக இருந்ததையெல்லாம் தள்ளினேன். நம் அணியில் நெடுந்தூரம் வீசுகிறவன் இல்லை. ஆனால் பந்தை நழுவவிடாமல் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தானே பாடத்தைத் தயாரிப்போம்? அதனால் குட்டி குட்டியாக வீசும் தொகுப்பை எடுத்தேன். அதிலும் கொஞ்சம் திட்டங்களை மட்டும் கை தானாகப் போகும் வரை பழகினேன். ஆட்கள் ஒரே மாதிரி நிற்பார்கள். அதிலிருந்தே ஓடவும் செய்யலாம், வீசவும் செய்யலாம். எது வருகிறது என்று எதிராளிக்குத் தெரியாது.

முதல் ஞாயிறு நன்றாகத் தோற்றேன். வீசிய பந்தையெல்லாம் ஜெசியின் ஆட்கள் நடுவில் புகுந்து பிடுங்கினார்கள். "என்ன டீச்சரம்மா, பெயிலா? அப்பாவை வரச்சொல்லுங்க!" என்று கத்திச் சிரித்தாள். உங்களை வைத்துக் கேலி செய்து சிரித்தாள், சார். எவ்வளவு நாளாயிற்று தெரியுமா?

போன ஞாயிறு, கடைசி நிமிஷம். நான்காவது முயற்சி, தாண்டினால் ஜெயிக்கிற கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறோம். நடுவில் வீசத்தான் நினைத்திருந்தேன். பந்து கைக்கு வருமுன் பார்த்தால் அவள் ஆட்கள் நடுவிலேயே கூடி நிற்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் கண் சொருகினால், பின்னம் நடத்தப் போனவள் மனக்கணக்குப் போட்டிக்கு மாறுவேனே, அப்படி அந்த இடத்திலேயே திட்டத்தை மாற்றினேன். இடது ஓரத்தில் ஒருவன் தனியாக நின்றான். வீசினேன். பிடித்தான். கோட்டைத் தாண்டிவிட்டான்!

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நூர்ஜஹான் கரண்டியோடு ஓடிவந்தாள். "என்னாச்சு டீச்சர்? விழுந்துட்டீங்களா?"

"நான் விழலம்மா. எம் மக விழுந்துட்டா."

"யா அல்லா! எங்க?"

"அமெரிக்காவுல."

அவளுக்குப் புரியவைப்பதற்குள் போனில் ஜெசியின் குரல். "அம்மா, ஏமாத்திட்டீங்க! இன்னொரு ஆட்டம். போனை வைக்காதீங்க, சொல்லிட்டேன்!"

"வேலை இருக்குன்னியே?"

"அது கிடக்கட்டும்மா. ஆடுங்க!"

நூர்ஜஹான் கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

உங்கள் தொகுப்பு அழியாமல் அப்படியே இருக்கிறது, சார். ஆனால் அதை வைத்து இனி ஆடமாட்டேன். நம் மகளுக்கு விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். அவள் விட்டுக்கொடுக்க விடவும் மாட்டேன். இது என் வாக்கு.

உங்கள் மனைவி, ஜெசியின் அம்மா,
மேரி டீச்சர்