மூன்று ஹெட்போனும் அண்ணையின் கேள்வியும்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பேக்கரி ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வீடு. வாசலில் மூன்று பெட்டி.

பழைய ஹெட்போனின் காதுமெத்தை உரிந்து தூளாகக் கொட்டுகிறது. மனைவி ராணி அதைப் பொடுகு என்று நினைத்து எனக்கு ஷாம்பூ வாங்கி வைத்திருந்தாள். இனியும் தாங்காது. மூன்றையும் போட்டுப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்புவதாகத் திட்டம். இரண்டு கிழமைத் தவணை உண்டு.

அ - மூடிய வகை. தோல் மெத்தை. அடித்தொனி (பாஸ்) தாராளம். வெளிச்சத்தம் உள்ளே வராது. மூக்குக்கண்ணாடியின் காலை அழுத்துகிறது.

ஆ - திறந்த வகை. துணி மெத்தை. தலையில் இருப்பதே தெரியாது. குரல்கள் நல்ல இடைவெளியுடன்.

இ - இதுவும் திறந்ததுதான், ஆனால் நல்ல பாரம். கழுத்துக்கு வேலை. சத்தம் பற்றி நாளைக்கு.

ராணி எட்டிப் பார்த்தாள். "தலையில சட்டி கவிழ்த்த மாதிரிக் கிடக்கு" என்றுவிட்டுக் கறிக்கு உப்புப் பார்க்கப் போனாள்.

மார்ச் 4, புதன்

வெயில் போல ஒன்று, பத்து நிமிடம்.

மற்றவர்கள் பேர்போன பாட்டுகளைப் போட்டு ஒப்பிடுவார்கள். எனக்கு அது சரிவராது. நான் நின்ற மண்டபம், நான் பதிந்த ஒலி வேண்டும். யார் எங்கே நின்றார், எந்தக் கதிரை கிறீச்சிட்டது என்பது தெரிந்தால்தான் ஹெட்போன் உண்மை சொல்கிறதா என்று பிடிக்கலாம். பன்னிரண்டு வருடமாகத் தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கும் செத்தவீட்டுக்கும் சவுண்டும் நேரலையும் என் பொறுப்பு. கையில் உள்ள கடைசிப் பதிவு என் சொந்த அண்ணையின் செத்தவீடு. அடுத்த கிழமைச் சனிக்கிழமை 31ம் நாள் நினைவுப் பூசை. அதற்கு முன் சுத்தப்படுத்தி அண்ணியிடம் கொடுக்க வேண்டும், கனடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப. ஆக, ஒப்பிட்டுப் பார்ப்பதும் அதிலேயே.

செபமாலை சொல்பவருக்காகச் சின்ன ரெக்கோடர் ஒன்றைப் சவப்பெட்டியின் தலைமாட்டில் மலர்வளையத்துக்குள் செருகியிருந்தேன். செபமாலை முடிந்ததும் நிறுத்த மறந்துபோனேன். பார்வைக்கு வைத்த இரண்டு மணி நேரமும் ஓடியிருக்கிறது.

சனம் ஒவ்வொருவராக வந்து, குனிந்து, செத்தவரின் காதில் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போகும். அவ்வளவும் அதில் இருக்கிறது. அ-வில் முணுமுணுப்பு. ஆ-வில் பாதிச் சொல். இ-யில் உதடு ஒட்டிப் பிரிவது வரை.

"உன்ர ஏணி இன்னும் என்னட்டத்தான் கிடக்கு." இது அண்ணையோடு வேலை செய்தவர்.

"மன்னிச்சுக்கொள்ளு." இது யார் என்று தெரியும். எழுத மாட்டேன்.

ஒரு சின்னப் பெட்டை ஆங்கிலத்தில் தன் பரீட்சை முடிவைச் சொல்கிறாள்.

ஒளிந்திருந்து கேட்கிற வேலை. வெட்கமாக இருந்தது. நிறுத்தவும் இல்லை. முப்பத்தெட்டுப் பேர் வரை எண்ணினேன். என் குரல் இல்லை. இருக்காது. நான் தலைமாட்டுக்குப் போகவே இல்லை.

மார்ச் 6, வெள்ளி

குளிர். ஹீற்றர் ஒரு பக்கம் மட்டும் சுடுகிறது, ஆளைக் கூப்பிட வேண்டும்.

47வது நிமிடம். எல்லாரும் பக்க அறைக்குத் தேத்தண்ணிக்குப் போன நேரம். பெட்டிக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. வீடியோவைப் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன்: வெறும் கதிரைகள், பெட்டி, இரண்டு மெழுகுதிரி. நான் கமராவுக்குப் பின்னால், பற்றரி மாற்றிக்கொண்டு.

அ - மண்டபத்தின் இரைச்சல் மட்டும்.
ஆ - ஒரு மூச்சு.
இ - "றெஜி வரேல்லையோ?"

மூன்று தரம் போட்டேன். கழற்றினேன். கையைக் கழுவினேன், ஏனென்று தெரியவில்லை. திரும்பப் போட்டேன்.

அண்ணையின் குரல். றெஜி என்பது நான். தொண்டை கரகரத்து, கடைசி எழுத்து மேலே போகும். வேறு ஒருத்தருக்கும் அப்படி இல்லை.

மார்ச் 7, சனி

ஆ-வைத் திருப்பி அனுப்பியாயிற்று. தபாற்கந்தோர் வரிசை தெருவரை.

காரணம் தேடினேன். பக்க அறையிலிருந்து வந்திருக்குமோ? அந்தக் கதவு சாத்திக் கிடப்பது வீடியோவில் தெரிகிறது. பழைய பதிவு மேலேறியிருக்குமோ? புது மெமரி கார்ட், அன்றைக்குத்தான் பிரித்தேன். தூரத்துக் குரல் மண்டபத்தில் பட்டுத் தெறித்து வரும். இது அப்படி இல்லை. ரெக்கோடருக்கு ஒரு சாண் தூரத்தில் வாய்.

உள்ளதை இங்கேயாவது எழுத வேண்டும். ஆறு வருடம் அண்ணையோடு கதைக்கவில்லை. தன் மகளின் கலியாணத்துக்குச் சவுண்டுக்கு வேறு ஆளைப் பிடித்தார், அதுதான் காரணம். வேறொன்றும் இல்லை. ஊர்ப்பட்ட பேரின் கலியாணத்துக்கு நான் செய்கிறேன், சொந்த அண்ணைக்கு நான் போதாதாம். போகவில்லை. பிறகு அவருக்குக் கடும் வருத்தம், ஆஸ்பத்திரியில் என்று கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடியப் போகலாம் என்று இரண்டு ஞாயிறு சொன்னேன். இரண்டு ஞாயிறும் நேரலையைச் சாட்டினேன். செத்தவீட்டுக்கு அண்ணி சவுண்ட் கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டேன். கமராவுக்குப் பின்னால் நிற்பவனை ஏன் முன்னால் வரவில்லை என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

இ பற்றி: நாற்பது நிமிடத்துக்குமேல் உச்சந்தலை நோகிறது. சத்தத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

பூசை முடியப் பார்க்கிங் என்ற ஊருக்குப் போனேன், அண்ணி வீடு. ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தப் படி. இ-யும் லப்டொப்பும் கையில்.

அண்ணிக்கு முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு இடத்தில் சத்தம் பிழையாக இருக்கிறது, கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொல்லித் தலையில் மாட்டிவிட்டேன். பாரத்தில் தலை கொஞ்சம் முன்னுக்குச் சரிந்தது. கேட்டார். கழற்றவில்லை. மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தார்.

பிறகு சொன்னார்: "ஆஸ்பத்திரியில திரைச்சீலை அசையிற நேரமெல்லாம் இதைத்தான் கேட்டவர். பதினொரு நாள். நான் ஒவ்வொருக்காலும் சொன்னனான், ஓம், றெஜி வந்துகொண்டிருக்கிறான் எண்டு. பொய் எண்டு தெரிஞ்சுதான் சொன்னனான்."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நீர் வந்திருப்பீரோ என்று திருப்பிக் கேட்டார்.

தேத்தண்ணி போட்டுத் தந்தார். குடிக்க முடியவில்லை. பிள்ளைகள் இதைக் கேட்கக் கூடாது, வெட்டித் தரச் சொன்னார். கொஞ்சமும் கோபம் இல்லாத குரல். கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மார்ச் 10, செவ்வாய்

காற்று. குப்பைத்தொட்டி மூடி தெருவில் கிடந்து உருள்கிறது. கவுன்சில் ஆட்கள் இந்தக் கிழமையும் வரவில்லை.

வெட்டும் வேலை இரண்டு நிமிடம். வேண்டாத நாலு வினாடியை எடுத்துவிட்டு, அதே மண்டபத்தின் ஆளில்லாத இரைச்சலில் நாலு வினாடி ஒட்டினால் ஒருத்தருக்கும் தெரியாது. எத்தனையோ இருமலை இப்படி மறைத்திருக்கிறேன். பெட்டி உள்ளே வருவதற்கு முன், மைக் சரிபார்க்கப் பதிந்த வெறும் மண்டபத்திலிருந்து நாலு வினாடி எடுத்தேன். எடுக்கும்போது கேட்டேன், ஒன்றும் இல்லை. ஒட்டினேன். போட்டேன்.

"றெஜி வரேல்லையோ?"

வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டினேன். திரும்பவும். போன வருடத்து ஞானஸ்நானம் ஒன்றின் வெறும் இரைச்சலை எடுத்து ஒட்டினேன். அண்ணை அன்றைக்கு அந்தப் பக்கமே வரவில்லை. திரும்பவும்.

கடைசியில் ஒன்றும் ஒட்டாமல் வெறுமையாக விட்டேன். திரையில் சத்தமே இல்லாத நேர்கோடு. நேர்கோட்டிலும் கேட்டது.

ராணி சாப்பிடக் கூப்பிட்டாள். ஏன் முகம் இப்படி என்றாள். தலைப்பாரம் என்றேன். சட்டியைக் கழற்றும் என்றாள். சிரிக்கப் பார்த்தேன். பயமாக இருக்கிறது. பயத்தைவிட வெட்கம் கூட.

மார்ச் 11, புதன்

வேலைக்குப் போகவில்லை. வருத்தம் என்று போன் அடித்துச் சொன்னேன்.

ராணி வேலைக்குப் போனபின் கதவைச் சாத்திவிட்டு மைக்கை எடுத்தேன். அந்த நாலு வினாடி முடியும் இடத்தில் என் குரலைப் பதிந்தேன். ஒரே தரம்.

"வந்திட்டன் அண்ணை."

இன்னும் நிறையச் சொல்ல இருந்தது. மைக்கை அணைத்தேன்.

திரும்பப் போட்டுக் கேட்கத் துணிவில்லை. பதிவையும் இ-யையும் ஒரு பையில் போட்டுப் பார்க்கிங்குக்குக் கொண்டுபோய் அண்ணியிடம் வாசலில் வைத்தே கொடுத்தேன். அந்தக் குரல் போய்விட்டதா என்று நீங்கள் கேட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள், போகாவிட்டால் அனுப்ப வேண்டாம் என்றேன். உள்ளே வரச் சொன்னார். பஸ் வந்துவிடும் என்று பொய் சொன்னேன்.

வீட்டில் இப்போது அ மட்டும். காது வேர்க்கிறது. என் பிரதியை அதில் போட்டுப் பார்த்தேன், என் குரலும் அதன் பிறகு வெறும் இரைச்சலும். நிம்மதி என்று எழுத வந்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

மார்ச் 12, வியாழன்

மூடுபனி, எதிர் வீடு தெரியவில்லை. ஷிப்ட். மூன்று தட்டுப் பாண் கருகிப்போய்ச் சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினேன்.

சனிக்கிழமைக்கு: மெழுகுதிரி, சுவாமியாருக்கு நினைவுபடுத்த, பிளாஸ்டிக் கோப்பை, அண்ணையின் படத்துக்குச் சட்டம்.

மூன்று மணிக்கு அண்ணியின் போன். நேற்றுப் பின்னேரமும் இன்றைக்குக் காலையும் கேட்டாராம். றெஜி வரேல்லையோ என்பது போய்விட்டதாம், அந்த இடத்தில் துப்புரவாக ஒன்றும் இல்லையாம். நன்றி சொன்னார்.

"உம்மட குரலுக்குப் பிறகு அவர் வேற ஒண்டு கேக்கிறார், றெஜி."

என்ன என்றேன்.

"எங்கையடா இவ்வளவு நாளும் நிண்டனீ, எண்டு."

அண்ணி போனை வைக்கவில்லை. இந்தத் தரம் அவருக்கு நான் என்ன சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்.